ஹிட்டா, பீட்டா, ஸ்ட்ரைக்கா: ஆங்கிலத்தில் அடியும் மோதலும்

வெளிநாட்டுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், ‘மை பிரதர் பீட் மீ’ என்று டீச்சரிடம் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நடந்தது என்னவோ, அண்ணன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டியதுதான். ஆனால் டீச்சருக்கு முகம் மாறிவிடும். அண்ணன் இவனைப் போட்டுச் சாத்து சாத்தென்று சாத்தியிருக்கிறான் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வினைச்சொல்தான் நடந்ததைவிடப் பெரியது. அந்த இடத்துக்கு ‘ஹிட்’ போதும்.

நம்மில் பலர் ஆங்கிலம் கற்றது அகராதியின் ஒற்றைச் சொல் விளக்கங்களை வைத்து. ஹிட் என்றால் அடி, பீட் என்றால் அடி, ஸ்ட்ரைக் என்றாலும் அடி. மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, வாய்க்கு முதலில் வருவதை எடுத்துப் பேசுகிறோம். ஆனால் சொந்த மொழியில் நாம் இப்படிக் குழம்புவதே இல்லை. குட்டு, அறை, குத்து, மொத்து, தட்டு, இடி, முட்டு, மோது, உதை, விளாசு என்று நம்மிடமும் ஒரு படையே இருக்கிறது. குட்டுவது என்றால் மடக்கிய விரல் முட்டியால், அதுவும் தலையில் மட்டும். முதுகில் யாரும் குட்டமாட்டார்கள். அறைவது என்றால் விரித்த கை, பெரும்பாலும் கன்னம். இதையெல்லாம் யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. ஆங்கிலேயக் குழந்தைக்கு அதன் சொற்கள் வருவதும் அப்படித்தான். இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நின்று பார்த்தால், இந்த வினைச்சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் சில கேள்விகளுக்கான பதில் அடங்கியிருப்பது தெரியும். எதனால் அடித்தது, எங்கே பட்டது? ஒரு முறையா, பல முறையா? வேண்டுமென்றா, தெரியாமலா? இரண்டு பொருளில் எது நகர்ந்து வந்தது? கடைசியாக, பட்ட பொருளுக்கு ஏதாவது ஆயிற்றா? சில சொற்கள் இவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் பதில் சொல்லும், சில எல்லாவற்றுக்கும் சொல்லும்.

‘ஹிட்’ மிகக் குறைவாகச் சொல்லும் சொல். கையால், கட்டையால், காரால், பந்தால், எதனால் வேண்டுமானாலும் ஹிட் செய்யலாம். மனிதனையும் செய்யலாம், சுவரையும் செய்யலாம். வேண்டுமென்றும் நடக்கலாம், தவறியும் நடக்கலாம். ஒன்று போய் இன்னொன்றின் மீது வேகமாகப் பட்டது, அவ்வளவுதான் அதன் சேதி. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘ஹிட்டா’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது இது. அங்கே அதன் பொருள் அடிப்பதல்ல, எதிர்ப்படுவது, கண்டடைவது. அந்தப் பழைய பொருளின் சுவடு இன்றும் இருக்கிறது. அம்பு இலக்கில் பட்டாலும் ஹிட், திடீரென்று ஒரு யோசனை அகப்பட்டாலும் ‘ஹிட் அபான் அன் ஐடியா’. அதனால் எந்தச் சொல் போடுவது என்று சந்தேகம் வந்தால் ‘ஹிட்’ போடுங்கள், பெரிய தவறு வராது. இறந்த காலத்திலும் அது ‘ஹிட்’தான் என்பது இன்னொரு வசதி.

‘பீட்’ அப்படியல்ல. திரும்பத் திரும்ப விழும் அடி அது. இதயத் துடிப்பு ‘பீட்’, மேளத்தின் தாளம் ‘பீட்’, முட்டையைக் கலக்கி நுரைக்க அடிப்பது ‘பீட்’. எல்லாவற்றிலும் அடி ஒன்றல்ல, வரிசை. நம் ஊர்க் காவல் துறையில் பீட் கான்ஸ்டபிள் என்கிறார்கள், வனத் துறையிலும் காட்டைப் பீட் பீட்டாகப் பிரித்திருக்கிறார்கள். அதுவும் ஒரே பாதையை மறுபடி மறுபடி சுற்றி வருவதுதான். ஆகவே ஒரு மனிதனை பீட் செய்தார்கள் என்றால், ஒரு அடியோடு நிறுத்தவில்லை என்று அர்த்தம். கூடவே ‘அப்’ சேர்ந்து ‘பீட் அப்’ ஆனால் அடித்துத் துவைத்துவிட்டார்கள் என்று பொருள். வென்றுவிடுவது என்ற இன்னொரு பொருளும் பீட்டுக்கு உண்டு. கிரிக்கெட் வர்ணனையில் ‘பீட்டன்!’ என்று கத்துவது அந்தப் பொருளில்தான். அங்கே பந்து மட்டையில் படவே இல்லை என்பதுதான் விஷயம்.

‘ஸ்ட்ரைக்’ ஹிட்டுக்குக் கிட்டத்தட்ட அதே பொருள், ஆனால் உடுப்பு வேறு. எழுத்திலும் செய்தியிலும் நீதிமன்றத்திலும் புழங்கும் சொல். வீட்டில் அம்மா பிள்ளையிடம் ‘டோன்ட் ஸ்ட்ரைக் யுவர் சிஸ்டர்’ என்று சொன்னால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். மின்னல் தாக்கினால் ஸ்ட்ரைக், கடிகாரம் மணி அடித்தால் ஸ்ட்ரைக், தீக்குச்சியை உரசினாலும் ஸ்ட்ரைக். 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியதை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘ஸ்ட்ரக்’ என்றே எழுதுவார்கள். ஒரே ஒரு தடவை, சட்டென்று, பின்விளைவோடு: இந்த மூன்றும் சேரும் இடம் அது. வேலைநிறுத்தத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காக: 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிப் போட்டு வேலைக்குப் போக மறுத்தார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர்கள் சொல்லும் சொல் ‘ஸ்ட்ரைக்’. அடிதடிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

கையால் அடிப்பதற்கான சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் நமக்கும் அதே பாகுபாடு உண்டு. விரித்த கையால் அறைவது ஸ்லாப், மூடிய முஷ்டியால் குத்துவது பஞ்ச், காலால் உதைப்பது கிக், விரல் முட்டியால் கதவைத் தட்டுவது நாக், போன் திரையை மெல்லத் தட்டுவது டேப். கால் விரலை மேசைக் காலில் இடித்துக்கொள்வதற்கு ‘ஸ்டப்’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. உடம்பில் வேறு உறுப்பை இடித்துக்கொண்டால் ஸ்டப் வருவது அபூர்வம், பெரும்பாலும் கால் விரலுக்குத்தான். நம் குட்டு தலைக்கு மட்டுமே என்பதைப் போல.

இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ‘ஸ்மாக்’. பிரிட்டனில் பிள்ளைகளைக் கண்டிக்க விரித்த கையால் போடும் ஒரு அடிக்கு அந்தப் பெயர். ஸ்காட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தன. செய்தித்தாள்கள் அதை ‘ஸ்மாக்கிங் பேன்’ என்றே எழுதின. தடையை ஆதரித்தவர்கள், ஸ்மாக் என்பது வலியை மறைத்துச் சொல்லும் சொல், ‘ஹிட்’ என்று சொல்லுங்கள் என்றார்கள். பெரியவர் ஒருவரை இன்னொருவர் அறைந்தால் அதை ஸ்மாக் என்று சொல்லிக் கடந்துவிடுவோமா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. நம்மிடமும் ‘ரெண்டு தட்டு தட்டினேன்’ என்று சொல்லி அடியைச் சின்னதாக்கும் வழக்கம் இருக்கிறதே.

சத்தத்துக்கு வருவோம். தமிழில் சத்தத்தை வினைக்கு வெளியே வைப்போம். பளார் என்று அறைந்தான், தொப்பென்று விழுந்தான், டமால் என்று மோதியது. ‘அறைந்தான்’ செயலைச் சொல்கிறது, ‘பளார்’ ஓசையைச் சொல்கிறது. ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும். ஸ்லாப் என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், பளார் உள்ளேயே இருக்கிறது. பேங் என்றால் டமால் என்ற சத்தத்தோடு இடிப்பது, தட் என்றால் கனமான ஒன்று தொப்பென்று விழும் மந்தமான ஓசை. கிராஷ், ஸ்மாஷ், பாஷ், கிளாஷ் எல்லாம் ஒரே ஒலியில் முடிகின்றன, எல்லாவற்றிலும் ஒரு முரட்டுத்தனம் கேட்கிறது. பம்ப், தம்ப் இரண்டும் இன்னொரு ஜோடி: கனமான, மழுங்கலான இடி. (பம்ப் என்று இங்கே நான் சொல்வது தண்ணீர் இறைக்கும் பம்ப் அல்ல, ஸ்பீட் பம்ப்பில் வருகிறதே, அது.) இப்படி ஓசையும் பொருளும் ஒட்டி வரும் சொல்துண்டுகளுக்கு ஜே.ஆர். ஃபிர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1930இல் ஒரு கலைச்சொல்லே உருவாக்கினார். கற்பவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. புதிய சொல் ஒன்று ‘ஆஷ்’ என்று முடிந்து, அடிதடி நடக்கும் பத்தியில் வந்தால், அது மென்மையானதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் நடு முடிச்சு. 1970இல் சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஹிட், பிரேக் என்ற இரண்டே இரண்டு வினைச்சொற்களை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒரே பார்வையில் இரண்டும் ஒரே மாதிரி வினைகள். ஜானி கல்லால் கண்ணாடியை ஹிட் செய்தான், ஜானி கல்லால் கண்ணாடியை பிரேக் செய்தான். வாக்கிய அமைப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் கொஞ்சம் அசைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன.

‘தி விண்டோ ப்ரோக்’ என்று சொல்லலாம், கண்ணாடி உடைந்தது. ‘தி விண்டோ ஹிட்’ என்று அதே பொருளில் சொல்ல முடியாது. அடுத்து, ‘ஐ ஹிட் ஹிம் ஆன் தி லெக்’ சரி. ‘ஐ ப்ரோக் ஹிம் ஆன் தி லெக்’ தவறு, ‘ஐ ப்ரோக் ஹிஸ் லெக்’ என்றுதான் வர வேண்டும். காரணம் இதுதான்: ஹிட் சொல்வது தொடர்பை மட்டும். பட்டது, பட்ட இடம் இது. பட்ட பொருள் என்ன ஆனது என்பது அதன் வேலை இல்லை. பிரேக் சொல்வது மாற்றத்தை. எப்படிப் பட்டது, எதனால் பட்டது என்பது அதற்கு இரண்டாம்பட்சம்.

இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்துகிறது. ‘அவனைக் காலில் அடித்தான்’ என்று சொல்வோம். ‘அவனைக் காலில் உடைத்தான்’ என்று யாரும் சொல்லமாட்டோம், ‘அவன் காலை உடைத்தான்’ என்போம். உடைத்தான் என்பதற்கு உடைந்தது என்ற ஜோடி இருக்கிறது. அடித்தான் என்பதற்கு ‘அடிந்தது’ என்று ஒரு ஜோடியே கிடையாது, ‘அடிபட்டது’ என்று ‘படு’வைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு மொழிகள் தொடர்பையும் மாற்றத்தையும் ஒரே இடத்தில் பிரித்து வைத்திருப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் நாம் விலகிப் போகிறோம், அங்கேதான் நம் ஆங்கிலம் தடுக்கி விழுகிறது. ‘தேங்காயை உடைச்சேன் உடைச்சேன், உடையவே இல்லை’ என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். முயற்சி செய்ததையே ‘உடைச்சேன்’ என்று சொல்ல நம் மொழி இடம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ ப்ரோக் இட், பட் இட் டிடின்ட் ப்ரேக்’ என்றால் கேட்பவர் விழிப்பார். பிரேக் என்று சொன்ன நொடியிலேயே பொருள் உடைந்துவிட்டது, பிறகு உடையவில்லை என்று சொல்ல வழியே இல்லை. ‘ஐ ஹிட் இட், பட் இட் டிடின்ட் ப்ரேக்’ என்றால் ஒரு சிக்கலும் இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் சொல்தான் ‘ஸ்மாஷ்’. தமிழில் ‘அடித்து நொறுக்கினான்’ என்று இரண்டு வினையைக் கோத்துச் சொல்வதை அது ஒரே சொல்லில் சொல்கிறது. பட்டதும் உண்டு, துண்டு துண்டானதும் உண்டு, வேகமும் உண்டு. நாம் வினைகளைக் கோக்கும் இடங்களில் ஆங்கிலம் சிறு ஒட்டுகளைச் சேர்ப்பதையும் கவனிக்கலாம். இடித்துக் கீழே தள்ளினால் ‘நாக் டவுன்’, தட்டிக் கவிழ்த்தால் ‘நாக் ஓவர்’, அடித்து நினைவிழக்கச் செய்தால் ‘நாக் அவுட்’. முதல் சொல் அடியைச் சொல்கிறது, ஒட்டுச் சொல் முடிவைச் சொல்கிறது. நாக் என்று மட்டும் சொன்னால் கதவைத் தட்டியது மாதிரி, எதுவும் விழவில்லை.

இதற்கு நேர் எதிர் வேலை செய்யும் ஒட்டு ‘அட்’. ‘ஹி கிக்ட் தி பால்’ என்றால் பந்தை உதைத்தான், கால் பந்தில் பட்டது. ‘ஹி கிக்ட் அட் தி பால்’ என்றால் பந்தை நோக்கிக் காலை வீசினான், பட்டிருக்கலாம், படாமலும் போயிருக்கலாம். இரண்டெழுத்துச் சொல் ஒன்று நுழைந்து, உறுதியாக நடந்த தொடர்பை வெறும் முயற்சியாக்கிவிடுகிறது. சாட்சி சொல்லும் இடத்தில் இந்த ஒரு சொல் வழக்கின் போக்கையே மாற்றக்கூடியது.

சரி, வண்டிகளுக்கு வருவோம். நம்மில் பலருக்கு இந்தச் சொற்கள் உண்மையிலேயே தேவைப்படுவது ரோட்டில்தான்.

தெரியாமல், மெதுவாக, பெரிய சேதமில்லாமல் இடிப்பது பம்ப். பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்ற காரைத் தொட்டுவிட்டால் அது. கூட்டத்தில் தோளோடு தோள் இடித்தாலும் ‘பம்ப் இன்டு’தான், எதிர்பாராமல் பழைய நண்பரைப் பார்த்தாலும் அதுவேதான். கிராஷ் என்றால் பலத்த சத்தம், சேதம், கட்டுப்பாடு போய்விட்ட நிலை. அதற்கு இரண்டு வண்டி வேண்டியதில்லை. ஒரு பைக் மட்டும் தனியாகச் சறுக்கி மரத்தில் மோதினாலும் கிராஷ். ராம் என்றால் முன்பக்கத்தால் பலமாக முட்டுவது, பெரும்பாலும் வேண்டுமென்றே. ஆட்டுக்கிடாவுக்கும் ஆங்கிலத்தில் ராம்தான் பெயர், கிடா தலையைத் தாழ்த்தி வந்து முட்டுவதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ‘டேஷ்’. ‘பின்னாடி வந்த வண்டி டேஷ் பண்ணிட்டான்’ என்று தினமும் கேட்கிறோம். நம் ஊர் விபத்து வழக்குத் தீர்ப்புகளிலும் லாரி பைக்கின் மீது ‘டேஷ்ட் அகென்ஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதியிருப்பார்கள். இந்திய ஆங்கிலத்தில் அது நிலைபெற்ற சொல், அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லண்டன்காரர் ஒருவருக்கு டேஷ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவசரமாக ஓடுவது. அலைகள் பாறையில் மோதிச் சிதறுவதற்கும் அந்தச் சொல்லை அவர்கள் பயன்படுத்துவார்கள். ‘ஹிஸ் கார் டேஷ்ட் மைன்’ என்று அவருக்கு எழுதினால் புரியாமல் புருவத்தைச் சுருக்குவார்.

சொல்லின் பலம் எவ்வளவு என்பதை அளந்தே காட்டியவர்கள் இரண்டு பேர். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 45 மாணவர்களுக்குச் சாலை விபத்துக் காட்சிகள் கொண்ட 7 சிறு படங்களைக் காட்டினார்கள். பிறகு கார்கள் ஒன்றையொன்று மோதியபோது எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், ‘மோதியபோது’ என்ற ஒரு சொல்தான் குழுவுக்குக் குழு வேறு. ‘ஸ்மாஷ்ட்’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன வேகத்தின் சராசரி மணிக்கு 40 மைலைத் தாண்டியது. ‘கொலைடட்’ என்றால் 39.3, ‘பம்ப்ட்’ என்றால் 38.1. ‘ஹிட்’ என்று கேட்கப்பட்டவர்கள் 34 என்றார்கள், ‘கான்டாக்டட்’, அதாவது தொட்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் 31.8. பார்த்த படங்கள் எல்லோருக்கும் ஒன்றே.

அதோடு விடவில்லை. வேறு 150 மாணவர்களை வைத்து இன்னொரு சோதனை. விபத்துப் படத்தைக் காட்டி, 50 பேரிடம் ‘ஸ்மாஷ்ட்’ போட்டு வேகத்தைக் கேட்டார்கள், 50 பேரிடம் ‘ஹிட்’ போட்டுக் கேட்டார்கள், மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் படத்தில் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஸ்மாஷ்ட் குழுவில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், ஹிட் குழுவில் 7 பேர், எதுவும் கேட்கப்படாத குழுவில் 6 பேர். ஸ்மாஷ் என்ற சொல்லுக்குள் நொறுங்குவது இருக்கிறது என்று மேலே பார்த்தோம் அல்லவா? அந்த நொறுங்கல் சிலருடைய ஞாபகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. விசாரிக்கும் அதிகாரி எந்த வினைச்சொல்லைப் போட்டுக் கேட்கிறார் என்பது ஏன் முக்கியம் என்று இந்த எண்களைப் பார்த்தாலே விளங்கும்.

‘கொலைட்’ என்ற சொல்லில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. லத்தீனில் அது ஒன்றோடொன்று சேர்ந்து மோதுவது, அதாவது இரண்டு பக்கமும் பங்கு உண்டு. ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர்கள் பலர் நெடுங்காலம் ஒரு விதி வைத்திருந்தார்கள்: இரண்டும் நகர்ந்தால்தான் கொலைட், நிற்கும் சுவரோடு கார் கொலைட் ஆகாது, ஹிட்தான் ஆகும். பேச்சு வழக்கில் இதை யாரும் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. ஆனால் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஜெனீவாவுக்கு அருகில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் நிலத்தடியில் இருக்கும், செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வு மையத்தின் கருவிக்கு ‘கொலைடர்’ என்று பெயர் வந்ததற்கும் அதுவே காரணம், அங்கே எதிரெதிர்த் திசையில் வரும் இரண்டு புரோட்டான் கற்றைகளை மோதவிடுகிறார்கள். கடல் சட்டம் இதில் இன்னும் கறார். கப்பலும் கப்பலும் மோதினால் ‘கொலிஷன்’, கப்பல் போய் அசையாத பாலத்திலோ துறைமுகச் சுவரிலோ மோதினால் ‘அலிஷன்’ என்று தனிச் சொல். 2024 மார்ச் 26 அன்று ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தின் தூணில் மோதி, பாலமே சரிந்து விழுந்தது, அதில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணையின் தலைப்பில் போட்ட சொல் ‘கான்டாக்ட்’. லாஃப்டஸின் பட்டியலில் மிக மெலிதாக இருந்த அதே சொல். அது சம்பவத்தைச் சிறிதாக்கும் நோக்கமல்ல, கப்பல் அசையாத ஒன்றில் மோதும் விபத்துகளுக்கு அந்த வாரியம் வழக்கமாகப் போடும் சொல்தான் அது.

வேண்டுமென்றா, தவறியா என்ற கேள்விக்கு நம் நாட்டிலிருந்தே நல்ல உதாரணம் இருக்கிறது. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இலிருந்து பிரிந்த ஒரு கருவி நிலவின் தரையில் போய் மோதியது. அதன் பெயரே ‘மூன் இம்பாக்ட் ப்ரோப்’. மோதுவதற்காகவே அனுப்பியது, அதனால் ‘இம்பாக்ட்’. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் மெதுவாக இறங்க வேண்டியது, வேகத்தோடு போய் மோதிவிட்டது. உலகச் செய்தித்தாள்கள் ‘கிராஷ்’ என்றன. அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது ‘ஹார்ட் லேண்டட்’. இரண்டு நிகழ்விலும், இயற்பியல் பார்த்தால், ஒரு பொருள் வேகமாக வந்து நிலவின் தரையில் பட்டது, அவ்வளவுதான். திட்டமிட்டதா என்பதும், யார் சொல்கிறார் என்பதும் சொல்லைத் தீர்மானிக்கின்றன. இம்பாக்ட் என்பது விளைவு என்ற பொருளிலும் வருகிறதே என்று தோன்றினால், நம் ‘தாக்கு’ என்பதிலிருந்து ‘தாக்கம்’ வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள், வழி ஒன்றேதான்.

கடைசியாகக் கைக்கு உதவும் ஒரு விஷயம். வெளிநாட்டில் வண்டி ஓட்டுபவர்களும், இங்கேயே ஆங்கிலத்தில் இன்சூரன்ஸ் கிளைம் எழுதுபவர்களும் விபத்தை இரண்டு வரியில் எழுத வேண்டி வரும். சிக்னலில் உங்கள் கார் நின்றுகொண்டிருக்கிறது, பின்னால் வந்த வேன் மெதுவாக இடித்து பம்பர் நெளிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வி கொலைடட்’ என்று எழுதினால் நீங்களும் நகர்ந்ததாக, பாதிப் பங்கு உங்களுக்கும் இருப்பதாகப் படும். ‘ஹி ஸ்மாஷ்ட் மை கார்’ என்றால் போட்டோவில் இருக்கும் சிறு நெளிவைப் பார்ப்பவர் உங்களையே சந்தேகிப்பார். ‘ராம்ட்’ என்றால் வேண்டுமென்றே இடித்ததாகக் குற்றம் சாட்டுகிறீர்கள். ‘மை கார் வாஸ் ஸ்டேஷனரி. தி வேன் ஹிட் இட் ஃப்ரம் பிஹைண்ட்’ என்று எழுதுங்கள். யார் நின்றார், யார் வந்து இடித்தார், எந்தப் பக்கம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நெளிவைப் பற்றி அடுத்த வாக்கியத்தில் தனியாக, ‘டென்ட்’ என்ற சொல்லைப் போட்டு எழுதலாம். ஹிட் சேதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதால் அந்த வாக்கியம் கட்டாயம் தேவைப்படும்.